கலோரி குறைவான காய்கறி சூப்: தண்ணீர் மாதிரி இல்லாமல் ருசியாக வர முழுமையான வழிகாட்டி

சூப் புதிதாக வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஃபிரிட்ஜில் இருக்கிற காயையெல்லாம் நறுக்கி, குக்கரில் கொட்டி, அஞ்சு விசில் விட்டு, மிக்ஸியில் அடித்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. உடனே ஒரு கரண்டி சோளமாவு, அப்புறம் ஒரு துண்டு வெண்ணெய், அதுவும் போதாமல் கொஞ்சம் கிரீம். உடம்பைக் குறைக்க வைத்த சூப்பில் இரண்டு தோசைக்கான கலோரி ஏறிவிடுகிறது.

தப்பு காயில் இல்லை, எதை எப்போது போட்டோம் என்பதில் இருக்கிறது. வெண்ணெயும் மாவும் செய்கிற வேலையை வேறு எதையாவது வைத்துச் செய்ய வேண்டும். கீழே சொல்லியிருக்கிற படிகள் எல்லாம் அதற்குத்தான். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், காயை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் கணக்கு

100 கிராம் சுரைக்காயில் சுமார் 15 கலோரிதான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் 25, பீன்ஸ் 31, கேரட் 41. உருளைக்கிழங்கு 77, பச்சைப் பட்டாணி 81, ஸ்வீட் கார்ன் 86 என்று கொஞ்சம் ஏறும். மாவுச்சத்துள்ள இந்த மூன்றையும் விட்டுவிட்டால், அரைக் கிலோ காய் கலந்து போட்டாலும் 150 கலோரியைத் தாண்டுவது கடினம்.

ஏறுவதெல்லாம் எண்ணெயில்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120. பாட்டிலைச் சாய்த்து 'கொஞ்சமாக' ஊற்றினால் அது பெரும்பாலும் டேபிள்ஸ்பூன் அளவுக்குத்தான் வரும். அதனால் எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள், மற்றதில் கண்ணளவு போதும். வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 100 கலோரி.

சோளமாவை எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் ஒரு டேபிள்ஸ்பூனில் அது 30 கலோரிதான். நான் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு: மாவு சேர்ந்ததும் சூப்பின் ருசி மங்கிப்போகும், அதை ஈடுகட்ட இன்னும் உப்பு தேடும். அப்புறம் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் நீர்த்தும் போகும்.

இங்கே சொல்கிற அளவில் நான்கு பெரிய கிண்ணம் சூப் வரும், கிண்ணத்துக்குச் சுமார் 80 கலோரி. இதே சூப்பில் இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், அதே அளவு மைதா, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் கணக்கு இரட்டிப்பைத் தாண்டிவிடும்.

2. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

தேவையானவை:

சின்ன வெங்காயம் 100 கிராம் (பெரிய வெங்காயம் என்றால் ஒன்று)
பூண்டு 4 பல், கட்டைவிரல் நுனியளவு இஞ்சி
பட்டன் காளான் 100 கிராம்
கேரட் 100 கிராம், பீன்ஸ் 75 கிராம், முட்டைக்கோஸ் 100 கிராம்
சுரைக்காய் 150 கிராம், பாசிப்பருப்பு ஒரு டேபிள்ஸ்பூன்
நன்றாகப் பழுத்த தக்காளி 2
எண்ணெய் ஒரு டீஸ்பூன்
சீரகம் அரை டீஸ்பூன், மிளகு முக்கால் டீஸ்பூன்
கறிவேப்பிலை ஒரு கொத்து, மல்லித்தழை தண்டோடு ஒரு கைப்பிடி
எலுமிச்சை அரை மூடி, உப்பு

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். நான்ஸ்டிக்கில் வதக்கினால் அடியில் பழுப்பு பிடிக்காது, இந்த சூப்பின் ருசியில் பாதி அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. இரும்புச் சட்டியில் பழுப்பு நன்றாகப் பிடிக்கும், ஆனால் தக்காளியின் புளிப்பு பட்டதும் சூப் கறுத்து, வாயில் இரும்பு ருசி நிற்கும்.

இரண்டு அடுப்பு வேண்டும். ஒன்றில் ஸ்டாக் (காய்த் தோலும் காம்பும் போட்டுக் காய்ச்சும் தண்ணீர்), இன்னொன்றில் சுரைக்காய். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் நேரம் நிறைய மிச்சமாகும். ஒரே அடுப்புதான் என்றால் ஸ்டாக்கை முந்தின நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

3. நறுக்குவது

முதலில் கழுவுங்கள், அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தால் வைட்டமின் சி மாதிரி தண்ணீரில் கரையும் சத்தெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். காளானை மட்டும் ஊறவிடாமல் குழாயடியில் வேகமாக அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். ஈரமாகச் சட்டியில் விழுந்தால் அது வறுபடாது, வேகத்தான் செய்யும்.

கேரட்டையும் பீன்ஸையும் பட்டாணி அளவுக்கு, ஒரே சீராக. ஒரு துண்டு பெரிதும் ஒரு துண்டு சிறிதுமாக இருந்தால் சிறியது குழைந்த பிறகும் பெரியது நறுக்கென்று நிற்கும். முட்டைக்கோஸை நீளமாகச் சீவினால் ஸ்பூனில் நிற்காமல் தொங்கும், அதையும் சின்னச் சதுரமாக வெட்டுங்கள். வெங்காயம் பொடியாக, பூண்டு தட்டி, இஞ்சி துருவி.

சுரைக்காயில் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு நச்சுப் பொருளால் வருவது, வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். இருபது ரூபாய் காய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்.

4. தோலும் காம்பும் வீணில்லை: ஸ்டாக்

வெறும் தண்ணீரில் ஆரம்பித்தால் ருசி முழுவதும் காயிலிருந்தே இறங்க வேண்டும். அதற்குக் காயைக் குழைய வேகவிட வேண்டும், குழைந்தால் கடித்துச் சாப்பிட ஒன்றும் இருக்காது. ருசியைத் தண்ணீரிலேயே ஏற்றிவிட்டால் இந்த இக்கட்டு இல்லை. ஸ்டாக் என்பது காய்க் கழிவில் காய்ச்சிய தண்ணீர், அவ்வளவுதான்.

கேரட் தோல், வெங்காயத்தின் உள்பக்கத்துத் தோலும் வேர் நுனியும், காளான் காம்பு, மல்லித் தண்டு, இஞ்சித் தோல், நாலைந்து மிளகு, இவற்றை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் சிம்மில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். வடிகட்டினால் சுமார் ஒரு லிட்டர் நிற்கும். மல்லி வேரைப் போடலாம், மணம் அதில்தான் அதிகம், ஆனால் மண் போகத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.

போடக்கூடாதவை: முட்டைக்கோஸ் தண்டு, காலிஃபிளவர் இலை, முள்ளங்கி. இவை நீண்ட நேரம் கொதித்தால் கந்தக வாடை வீசும். பீட்ரூட் தோல் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். பச்சை பிடித்த உருளைக்கிழங்குத் தோல் எதற்கும் ஆகாது.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று காய்ச்ச வேண்டியதில்லை. எலும்பு சூப்புக்குத்தான் அந்தக் கணக்கு. காய் தன்னிடம் இருப்பதை அரை மணி நேரத்தில் கொடுத்துவிடும், அதற்குமேல் கொதித்தால் மணம் ஆவியோடு போய் மந்தமான ருசிதான் மிஞ்சும்.

கடையில் கிடைக்கும் ஸ்டாக் கட்டி பற்றிக் கேட்பார்கள். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அதில் பெரும்பகுதி உப்பு. பாக்கெட் சூப்பிலும் உப்பு அதிகம். லேபிளில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும், ஒரு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

5. கெட்டித்தன்மை: சுரைக்காயும் பாசிப்பருப்பும்

ஸ்டாக் ஒரு பக்கம் கொதிக்கும்போதே இதைச் செய்துவிடலாம். பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, தோல் சீவி நறுக்கிய சுரைக்காயோடு சின்ன குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில். ஆறியதும் மசித்தோ அரைத்தோ வைத்துக்கொள்ளுங்கள். சூப்பில் மாவுக்கும் கிரீமுக்கும் பதில் இதுதான்.

சுரைக்காய் ஏன்? நீர்ச்சத்து அதிகம், தனக்கென்று தூக்கலான ருசி கிடையாது, அரைத்தால் வழவழவென்று வரும். ஆனால் அதை மட்டும் போட்டால் கிண்ணத்தில் ஊற்றின கொஞ்ச நேரத்தில் விழுது ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரியும். ஒரு ஸ்பூன் பருப்பின் மாவுச்சத்து அதைப் பிரியாமல் பிடித்துவைக்கும், கொஞ்சம் புரதமும் சேரும். பருப்பு அந்த ஒரு டேபிள்ஸ்பூனோடு நிற்க வேண்டும். இரண்டு மூன்று என்று போனால் அது பருப்புத் தண்ணி, சூப் இல்லை.

வறுப்பதைத் தவிர்க்காதீர்கள். வறுக்காத பருப்பின் பச்சை வாடை சாம்பாரில் புளியும் பெருங்காயமும் சேர்ந்து மறைந்துவிடும். இந்த மாதிரி மென்மையான சூப்பில் மறைக்க ஒன்றுமில்லை, நேராக மூக்குக்கு வரும்.

சுரைக்காய் கிடைக்கவில்லையா, வெள்ளைப் பூசணி, சௌசௌ, தோல் சீவிய பீர்க்கங்காய், எதுவும் சரி. பாலில் செய்ததுபோல் வெள்ளையாக வேண்டுமென்றால் காலிஃபிளவர். மஞ்சள் பூசணி நன்றாக இருக்கும், ஆனால் இனிக்கும், அப்போது இஞ்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிக்ஸி பற்றி ஒரு வார்த்தை. சூடாக இருப்பதை ஜாரில் ஊற்றி மூடி ஓட்டினால் உள்ளே ஆவி திடீரென்று பெருகி மூடியைத் தூக்கி அடிக்கும், முகத்திலும் கையிலும் தெறிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஜாரில் பாதிக்குக் கீழே வைத்து அரையுங்கள். அவசரம் என்றால் மிக்ஸியே வேண்டாம், பருப்பு மத்து போதும். கொஞ்சம் திப்பி திப்பியாக இருந்தால் ஒன்றும் மோசமில்லை.

6. வதக்கல்: அவசரப்படக்கூடாத இடம்

மற்ற எல்லாப் படியிலும் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம், இதில் முடியாது. புதிதாகச் செய்பவர்கள் வெங்காயத்தை ஒரு நிமிஷம் புரட்டி, கண்ணாடி மாதிரி ஆவதற்குள் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பச்சை வெங்காய வாடையோடு கொதிக்கிற அந்தத் தண்ணீரை அப்புறம் எந்த மசாலாவும் காப்பாற்றாது.

முதலில் காளான். சட்டி நன்றாகச் சூடானதும் எண்ணெய் இல்லாமல், உப்பு இல்லாமல் காளானைப் பரப்பிப் போட்டு நடுத்தரத் தீயில் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் நீர் விடும், சட்டியே ஈரமாகிவிடும். அங்கே பலர் பயந்து அடுத்த காயைப் போட்டுவிடுகிறார்கள். போடாமல் காத்திருங்கள். அந்த நீர் முழுவதும் வற்றினால்தான் காளான் பழுப்பேற ஆரம்பிக்கும், இறைச்சி வறுக்கிற மாதிரி ஒரு வாசனை வரும். காளான் எவ்வளவு நேரம் வதங்கினாலும் குழையாது, அதனால் கவலையில்லை. ஓரங்கள் பழுப்பானதும் ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள், அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவிவிடாதீர்கள்.

அதே சட்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், சூடானதும் சீரகம், பொரிந்ததும் கறிவேப்பிலை. எண்ணெயே இல்லாமல் செய்தால் இன்னும் 40 கலோரி மிச்சம்தானே என்று கேட்பீர்கள். நான்கு கிண்ணத்துக்கு வகுத்தால் ஆளுக்குப் பத்து கலோரி. அந்தப் பத்து கலோரிக்காக சீரகத்தின் மணத்தை இழக்க வேண்டாம், அது எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. கேரட்டின் நிறச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் கொஞ்சம் கொழுப்பு தேவை.

இனி வெங்காயம், ஒரு சிட்டிகை உப்போடு. உப்பு பட்டதும் வெங்காயம் நீர் விடும், அந்த நீரில் அது தானாக வேகும், அதனால்தான் ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதுமாகிறது. தீயைக் குறைத்து மூடி வையுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து கிளறுங்கள். அடிப்பிடிக்கத் தொடங்கினால் எண்ணெய் பாட்டிலைத் தேடாதீர்கள், ஸ்டாக்கிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து ஊற்றி, மரக்கரண்டியால் அடியைத் தேய்த்துவிடுங்கள். அடியில் பிடித்த பழுப்பு கரைந்து வெங்காயத்தோடு சேரும். வற்றியதும் மறுபடி பிடிக்கும், மறுபடி ஒரு ஸ்பூன். இப்படி மூன்று நான்கு தடவை, மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.

பழுப்பு வேறு, கருப்பு வேறு. தேன் நிறத்திலிருந்து செங்கல் நிறம் வரை நல்லது, கருகினால் கசக்கும். கருகிவிட்டால் கரைக்க முயற்சி செய்யாமல் சட்டியை மாற்றிவிடுங்கள்.

பூண்டும் இஞ்சியும் கடைசி ஒரு நிமிஷத்தில்தான். வெங்காயத்தோடு சேர்த்து ஆரம்பத்திலேயே போட்டால் வெங்காயம் வதங்குவதற்குள் பூண்டு கருகிவிடும்.

7. காய்களைப் போடும் வரிசை

கேரட், பீன்ஸ் முதலில். வெங்காயத்தோடு இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு, சூடான ஸ்டாக்கை ஊற்றுங்கள். ஆறிப்போன ஸ்டாக்கை ஊற்றினால் கொதி நின்று மறுபடி வருவதற்குள் காய் வெதுவெதுப்பில் கிடந்து நிறம் மங்கும்.

மூடாமல் வேகவிடுங்கள். வேகும்போது பச்சைக் காயிலிருந்து லேசான அமிலம் ஆவியாக வெளியேறும். மூடி வைத்தால் அது சூப்பிலேயே விழுந்து பீன்ஸ் காக்கி நிறத்துக்கு மாறும்.

ஏழெட்டு நிமிஷத்தில் கேரட் முக்கால் பதம் வந்திருக்கும். அப்போது முட்டைக்கோஸ். அதற்கு நான்கைந்து நிமிஷம் தாராளம். முட்டைக்கோஸ் ரொம்ப நேரம் வெந்தால் வரும் வாடை தெரியும்தானே, காய்கறி சூப்பே பிடிக்காது என்று சொல்கிற பலர் அந்த வாடையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

நூக்கல், டர்னிப் மாதிரி கெட்டியான காய் சேர்த்தால் கேரட்டோடு. குடைமிளகாய், கீரை மாதிரி மென்மையானதைக் கடைசி ஒரு நிமிஷத்தில். உங்களிடம் இருக்கிற எந்தக் காயையும் இந்த மூன்று வேளையில் ஒன்றில் அடக்கிவிடலாம்.

8. தக்காளி ஏன் கடைசியில்

தக்காளியை வெங்காயத்தோடு வதக்கித்தான் நமக்குப் பழக்கம். குழம்புக்கு அது சரி. சூப்பில் அப்படிச் செய்தால் புளிப்பு தண்ணீரில் ஏறி, அதற்கப்புறம் போடும் கேரட்டும் பீன்ஸும் லேசில் வேகாது. புளி ஊற்றிய பிறகு போட்ட காய் வேகாமல் நிற்பதை சாம்பாரில் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான்.

அதனால் தக்காளியைத் தனியாகச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, அசைக்காமல் விட்டால் நாலைந்து நிமிஷத்தில் கருந்திட்டுகள் பிடிக்கும். திருப்பிப்போட்டு இன்னும் கொஞ்சம். சப்பாத்தி சுடும் கம்பி வலை இருந்தால் முழுத் தக்காளியையே நேரடித் தீயில் சுடலாம். தோலை உரித்துவிட்டு மசியுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் புகை மணமும் இனிப்பும் வந்துவிடும்.

நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் கூடுதல், சூப்புக்கு அதுதான் பொருத்தம், ஆனால் கல்லில் வைத்தால் சாறு வழியும். பெங்களூர் தக்காளி சுடுவதற்கு வசதி, புளிப்பு குறைவு, அப்போது கடைசியில் எலுமிச்சையைக் கொஞ்சம் கூடப் பிழிந்துகொள்ளலாம்.

முட்டைக்கோஸ் வெந்ததும் மசித்த தக்காளி, எடுத்து வைத்த காளான், சுரைக்காய் விழுது மூன்றையும் சேர்த்து, சிம்மில் நான்கு நிமிஷம். விழுது போட்ட பிறகு தீ பெரிதாக இருந்தால் கொப்பளித்துத் தெறிக்கும், அடியும் பிடிக்கும். கெட்டியாகத் தெரிந்தால் வெந்நீர் சேருங்கள், ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு.

9. உப்பு

மொத்தத்துக்கும் ஒரு டீஸ்பூன், தலைதட்டி. வதக்கும்போது போட்ட சிட்டிகையும் இந்தக் கணக்கில்தான். இப்போது முக்கால் டீஸ்பூன் மட்டும் போட்டு நிறுத்துங்கள், மீதியை எலுமிச்சை பிழிந்த பிறகு ருசி பார்த்துவிட்டு. பெரும்பாலும் மீதி தேவைப்படாது, புளிப்பு சேர்ந்ததும் உப்பு தூக்கலாகத் தெரியும்.

கொதிக்கக் கொதிக்க ருசி பார்க்காதீர்கள். அந்தச் சூட்டில் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது, இன்னும் போடத் தோன்றும், கிண்ணத்தில் ஆறிய பிறகுதான் கரிக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து ஊதி ஆறவைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உடம்புக்கு நல்லது என்று நினைத்துக் குடிக்கும் சூப்பிலேயே அதில் பாதி போய்விடக் கூடாது.

10. இறக்கிய பிறகு

அடுப்பை அணைத்ததும்தான் மிளகு. அப்போது இடித்தது, கரகரப்பாக. டப்பாவில் பல மாதமாகக் கிடக்கும் மிளகுத்தூளில் காரம் இருக்கும், மணம் இருக்காது. இடித்ததையும் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

பிறகு எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு தட்டும், அதனால் இரண்டு நிமிஷம் ஆறவிட்டுப் பிழியுங்கள். கொழுப்பு இல்லாத சூப்பைத் தூக்கி நிறுத்துவது இந்தப் புளிப்புதான். பிழிவதற்கு முன் ஒரு ஸ்பூன், பிழிந்த பின் ஒரு ஸ்பூன் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

மல்லித்தழை கடைசி. மூடி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

11. ருசி சரியில்லையா

சப்பென்று இருந்தால் கை உடனே உப்புக்குப் போகும். முதலில் சில துளி எலுமிச்சை, அப்புறம் மிளகு, அதற்கும் பிறகுதான் உப்பு. மூன்றும் போட்டும் வெறுமையாக இருந்தால் வதக்கல் போதவில்லை என்று அர்த்தம், அதை இப்போது சரிசெய்ய முடியாது. மூடியைத் திறந்து பத்து நிமிஷம் வற்றவிட்டால் ஓரளவு தேறும்.

உப்பு கரித்தால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், உப்பை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்காது, மிச்சமிருக்கும் சூப் அதே அளவு கரிக்கும். உப்பில்லாத ஸ்டாக்கோ வெந்நீரோ சேர்த்து, இன்னொரு கைப்பிடி சுரைக்காயை வேகவைத்து மசித்துப் போடுவதுதான் வழி.

புளிப்பு அதிகமென்றால் சர்க்கரையைத் தேடாமல் ஒரு கேரட்டை வேகவைத்து அரைத்துச் சேருங்கள். இனிப்பு அதிகமென்றால் இஞ்சிச் சாறு. காரத்துக்குப் பச்சை மிளகாய் போடுவது அவரவர் விருப்பம், எனக்கு மிளகு போதும்.

12. வயிறு நிறைய

80 கலோரி சூப்பை மட்டும் குடித்துவிட்டு ராத்திரி படுத்தால் பதினோரு மணிக்குப் பசிக்கும், பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். ஒன்று, சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் குடித்துவிட்டு சாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சூப்போடு புரதம் ஏதாவது சேருங்கள்: அவித்த முட்டை ஒன்று சுமார் 75 கலோரி, அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலை 135. பொரித்த ரொட்டித் துண்டைத் தூவுகிற பழக்கம் இருந்தால் அது எண்ணெய் குடித்தது என்பதை மறக்க வேண்டாம், தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பாக்கிய ஒரு கோதுமை ரொட்டி போதும்.

முழுவதையும் அரைத்துவிடாமல் காய்த் துண்டுகளை அப்படியே விடச் சொன்னதும் இதற்காகத்தான். மென்று சாப்பிட்டால் மெதுவாகச் சாப்பிடுவோம், மடமடவென்று குடித்து முடித்தால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

சிறுநீரகப் பிரச்சினைக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தக்காளியும் காளானும் ஸ்டாக்கும் சேர்ந்த இந்த சூப்பை டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக சூப்பை மட்டும் குடிப்பதும் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

13. எடுத்து வைப்பது

நம் ஊர் வெயிலுக்கு ராத்திரி வைத்த சூப்பை அடுப்பு மேடையிலேயே காலை வரை விடக்கூடாது, பருப்பு சேர்ந்திருப்பதால் சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு நிற்கும், இரண்டு மூன்று சின்ன டப்பாவில் பிரித்து வையுங்கள். இரண்டு நாள், அதிகபட்சம் மூன்று நாள்.

வாரத்துக்குச் சேர்த்துச் செய்ய நினைத்தால் சூப்பைச் செய்து வைக்காதீர்கள். ஸ்டாக்கையும் சுரைக்காய் விழுதையும் தனித்தனியாக ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் வேண்டியபோது வதக்கல், காய் இரண்டையும் மட்டும் புதிதாகச் செய்யலாம். காய்த் தோலைக்கூட ஒரு பையில் சேர்த்து ஃப்ரீசரில் போட்டுக்கொண்டே வந்து, பை நிறைந்த அன்று ஸ்டாக் காய்ச்சலாம்.

மறுநாள் குடிக்கிற பங்குக்கு மிளகும் எலுமிச்சையும் மல்லியும் போடாமலே எடுத்து வையுங்கள். குடிக்கிற அளவை மட்டும் தனியாக எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு அந்த மூன்றையும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.